தனிக் குடித்தனம் தொடங்கும் மகளுக்கு

கண்ணு, ஹாஸ்டலை விட்டுச் சென்னையில் தனியாக வீடு எடுக்கிறேன் என்று நீ சொன்னதும் பெரியம்மாவும் சித்தியும் பதறிப்போனார்கள். எனக்குப் பெருமைதான். ஒரு வீட்டை நடத்த உன்னால் முடியும். ஈரோட்டிலிருந்து ஓடிவந்து பார்க்க முடியாத நேரத்துக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவை.

1. சிலிண்டர் வந்ததும் கையெழுத்துப் போட்டு மூலையில் தள்ளிவிடாதே. மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஆங்கில எழுத்து ஒன்றும் வருடமும் எழுதியிருக்கும். ஏ என்றால் அந்த வருட மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பு, கூச்சப்படாதே. பழைய அடுப்போடு வரும் ரப்பர் டியூபை நம்பாதே. புதிது மாட்டு, 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்று. கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடு, ஜன்னல் கதவுகளைத் திற, வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்.

2. இட்லிக்கு 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, 1 ஸ்பூன் வெந்தயம். சென்னை வெக்கையில் மாவு சீக்கிரம் பொங்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே. புளித்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள். களைத்து வரும் நாளில் கடை மாவு வாங்கினால் அதைக் குற்றமாக நினைக்காதே. நானும் வாங்குகிறேன்.

3. அரிசி டப்பாவில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ வரமிளகாயோ போட்டுவை. ரவையை வறுத்து ஆறவிட்டு வை. ஒரு ஆளுக்கு மாதம் எவ்வளவு செல்லும் என்று தெரியும்வரை எதையும் மூட்டையாக வாங்காதே.

4. குக்கரை மூடுமுன் வெயிட் போடும் துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார். ஒரு பருப்புத் தோல் அடைத்திருந்தாலும் ஆபத்து.

5. கை சுட்டுக்கொண்டால் டூத்பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. வளையல், மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடு.

6. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீயாகப் போடாதே. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், புரூஃபன் எல்லாம் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். டாக்டரைப் பார். வயிற்றுப்போக்குக்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காய்ச்சல் என்று என்னிடம் மறைக்காதே. அம்மா பயந்துகொள்வாள் என்று நீ மறைத்தால்தான் நான் பயப்படுவேன்.

7. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளின் கணக்கும் சேர்ந்து ஏறிவிடும், அதனால் மாதம் ஒருமுறை மீட்டரை எட்டிப் பார். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

8. குடி போகிற அன்றே சுவர், குழாய், பாத்ரூம், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடு. காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிக்கப் பார்த்தால் அதுதான் பேசும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. 10 மாதம் கேட்பவர்கள் இன்னும் உண்டு. மரியாதையாகப் பேசு; ஆனால் பேசு.

9. பணம். இதை இரண்டு முறை படி. சம்பளம் வந்த அன்றே சேமிப்பை ஒதுக்கு, மிச்சத்தில் செலவு செய். முதலில் ஆறு மாதச் செலவுக்கான தொகை கையில் நிற்கட்டும். பிடிக்காத வேலையையோ பிடிக்காத வீட்டையோ விட்டு வெளியே வர அந்தப் பணம்தான் தைரியம் தரும். அதன்பிறகு பிபிஎஃப் மாதிரி 15 வருடக் கணக்கு. எல்லாக் கணக்கிலும் நாமினி எழுது. எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே, அப்பாவே கேட்டாலும் சரி. நாளைக்குக் கல்யாணம் ஆனாலும் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் உன்னிடமே இருக்கட்டும். அன்பு என்பது வேறு, பின் நம்பர் வேறு.

10. நகை வாங்கினால் ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் பொறித்திருக்கிறதா என்று பார். 2023 ஏப்ரலிலிருந்து அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்பில் எண்ணைப் போட்டுக் கடையிலேயே சரிபார். பில்லைப் பத்திரப்படுத்து.

11. போலீஸ், கூரியர், வங்கி என்று யார் வீடியோ காலில் மிரட்டினாலும் போனை வை. டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிடு; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெண்களுக்கான உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

12. கல்யாணம் எப்போது என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், “அம்மாகிட்டக் கேட்டுக்குங்க” என்று சொல்லிவிடு. பதில் சொல்வது என் பாடு. தோட்டமும் வீடும் தம்பிக்குத்தானே என்று யாராவது சொன்னால் அதையும் காதில் வாங்காதே. பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, 2005-ல் மத்தியச் சட்டமும் வந்தது. சட்டம் வராவிட்டாலும் நானும் அப்பாவும் அப்படித்தான் பிரித்திருப்போம்.

13. தனி ஆள்தானே என்று நின்றுகொண்டே சாப்பிடாதே. தட்டு எடுத்து வை, உட்கார், ரசமாவது சூடாக ஊற்றிச் சாப்பிடு.

14. பக்கத்து வீட்டில் பேர் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். ஒரு மாற்றுச் சாவியை நம்பிக் கொடுக்கிற அளவுக்குப் பழகு.

15. ஊருக்கு வரத் தீபாவளி பொங்கல் எல்லாம் வர வேண்டியதில்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலையில் ஈரோடு, அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டோம். துவைக்காத துணி இருந்தால் அதையும் மூட்டை கட்டிக் கொண்டு வா.