கையெழுத்தும் மூப்பும்

கேள்வி: 72 வயதான என் தகப்பனாரின் கையொப்பம் பொருந்தவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். இது புத்தி மங்குவதன் அறிகுறியோ?
(ஒரு வாசகர், காளவாசல், மதுரை)

பதில்: கையொப்பம் ஒன்றைக் கொண்டு புத்தியை எடைபோட இயலாது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போய், பேனா பிடிப்பதையே புதிதாய்ப் பயின்று, பின்னர் அதே விரல்களால் ஆயிரக்கணக்கானோருக்குக் கண்புரை சிகிச்சை செய்து, 1976-இல் உங்கள் மதுரையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையை ஸ்தாபித்த டாக்டர் ஜி. வெங்கடசாமியின் சரித்திரம் தாங்கள் அறியாததன்று. வரியின் தொடக்கத்தில் இயல்பாயிருந்த எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே செல்லுமாயின், அது பார்க்கின்சன் நோயின் லக்ஷணமாகலாம். அங்கும் முதலில் பழுதுபடுவது பெரும்பாலும் அசைவேயன்றி அறிவன்று. மறதி நோயிலோ வடிவத்தோடு விஷயமும் சிதையும்: கொம்பும் காலும் விடுபடும், ஒரே சொல் இருமுறை வரும், வாக்கியம் பாதியில் நின்றுவிடும். (புள்ளி விடுபடுவதைப் பொருட்படுத்த வேண்டாம், ஓலையில் எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் அதை இட்டதில்லை.) அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளை ஆராய்ந்த டேவிட் ஸ்னோடன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்விலும், இளமையில் அவர்கள் எழுதிய சுயசரிதைகளின் கருத்துச் செறிவே முதுமையின் அறிவுநிலையோடு சம்பந்தமுற்றிருந்தது. எழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் வித்தைக்காரர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். பிறகு, அவருடைய பழைய கடிதமொன்றையும், இன்று அவரே யோசித்து எழுதிய நான்கு வரிகளையும் எடுத்துக்கொண்டு, அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வங்கிக்குப் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுத்தால் போதும்.