கல்லூரிக்கு முன் ஓர் ஒத்திகை

மேல்நிலைத் தேர்வில் நன்கு தேறி, நகரத்துக் கல்லூரியொன்றில் சேர்ந்த நமது காரியாபட்டி வட்டாரப் பெண் ஒருத்தி, தீபாவளிக்கு ஊர் வந்தவள் திரும்பிப் போகவில்லை. கட்டணம் தடையன்று, அறிவுக் குறைவும் அன்று. உதவித்தொகை விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, பாடம் விளங்காவிடில் யாரை அணுகுவது என்பதை அவள் அறியாள், கேட்கவும் கூச்சம். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவளே. வானம் பார்த்த பூமியில் வயிற்றைக் கட்டி விதைத்த விதை, முளைத்த பின் கருகலாமா?

இக்கூச்சம் உபதேசத்தால் நீங்குவதன்று. இதனை நாம் அனுபவத்தில் கண்டோம். மாணவரை மண்டபத்தில் அமர்த்தி, ஒலிபெருக்கி வைத்து, இரண்டு மணி நேரம் அறிவுரை வழங்கினோம். முன்வரிசை தலையாட்டிற்று; பின்வரிசை உறங்கிற்று. ஒரு வினாவும் எழவில்லை.

கலையின் வழி வேறு. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வியால் உயர்ந்த கதையை மக்கள் சிரித்துக்கொண்டே கேட்கும்படி செய்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் பாட்டாலும் வீதி நாடகத்தாலும் மக்களைத் திரட்டியது. பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் பழகினர். தனியே நாணியவர், கூட்டத்தோடு சேர்ந்தபோது நாணம் விட்டனர். நமக்குப் பாடம் இதுவே.

ஆகவே, தேர்வு முடிந்து கல்லூரி திறக்குமுன் உள்ள கோடை வாரங்களில், ஊர்தோறும் மூன்று முறைகளைக் கையாளலாம்.

முதலாவது, வில்லுப்பாட்டு. கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கதையைப் புலவர் பாடட்டும். மாணவர் கேட்க வெட்கப்படும் ஐயங்களை எல்லாம் 'ஆமாம்' போடுபவர் இடைமறித்துக் கேட்கட்டும்.

இரண்டாவது, நாடகம். ஒரு மேசையே கல்லூரி அலுவலகம். ஒருவர் எழுத்தராகவும் மற்றவர் மாணவராகவும் நடித்து, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒப்படைக்க வேண்டும். பின்னர் வேடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெற்றோரும் பார்வையாளராக இருத்தல் நலம்.

மூன்றாவது, பரமபதம். பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பால் கட்டம் வரைந்து, பிள்ளைகளையே காய்களாக நிறுத்தலாம். காலத்தில் விண்ணப்பித்தல், ஆசிரியரிடம் ஐயம் கேட்டல், நூலகம் செல்லுதல் ஆகியவை ஏணிகள். வகுப்புக்கு வாராமை, கடன் வாங்கிச் செலவழித்தல், பகடிவதையை மறைத்தல் ஆகியவை பாம்புகள். பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் இயற்றப்பட்டது என்பதை அந்தக் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு அப்பொழுதே எடுத்துரைத்தால், அது மறவாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கிராமத்துப் பிள்ளையின் பேச்சையோ உடையையோ நகைப்புக்கு உள்ளாக்கலாகாது. அது கூச்சத்தைப் பெருக்கும். ஆட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் உரையாடல் வேண்டும். இன்றேல் எஞ்சுவது வேடிக்கை மட்டுமே. முன்னரே கல்லூரி கண்ட உள்ளூர் இளைஞர் ஒருவரேனும் குழுவில் இருத்தல் அவசியம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு வில், ஒரு மேசை, சிறிது சுண்ணாம்பு, ஊராரின் சில மாலைப்பொழுதுகள் போதும். படிப்பை விட்டு வந்த அப்பெண்ணையே முதற்குழுவில் சேர அழைத்துள்ளோம். தான் கேட்கத் தயங்கிய கேள்விகளை அவள் மேடையில் கேட்பாளாயின், அடுத்த ஆண்டு கல்லூரிக்குச் செல்பவருள் அவளும் ஒருத்தியாவாள் என்பது நமது நம்பிக்கை.