பக்கவாதத்துக்குப் பிறகு தோட்டத்துக்குத் திரும்பலாமா?

நம்பிக்கை: "கை கால் விழுந்தவரை மண் வேலைக்கு விடாதீர்கள். ஓய்வுதான் மருந்து."

உண்மை: முதல் சில நாட்களுக்கு மருத்துவர் சொல்லும் ஓய்வு வேறு, வீடு திரும்பி மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பது வேறு. புழங்காத தசை மெலியும், மூட்டு இறுகும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சம்மதித்தால், தொட்டியை மேடையில் ஏற்றி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கீரை விதைக்கத் தொடங்கலாம்.

நம்பிக்கை: "ஆறு மாதத்தில் திரும்பாத கை இனித் திரும்பாது."

உண்மை: இதை நம்பி முயற்சியை விட்டவர்கள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும், நின்றுவிடுவதில்லை. இறந்த மூளைத் திசு திரும்ப வராது. ஆனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, உயிரோடிருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. 2006இல் வெளியான அமெரிக்காவின் 'எக்சைட்' ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையையே புழங்க வைத்தார்கள். அந்த இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கான முறை இது, எல்லாருக்கும் பொருந்தாது.

அந்த அளவு அசைவு இருப்பவருக்குத் தோட்டம் நல்ல பயிற்சிக்கூடம். விதையை விரலால் எடுப்பது, வாடிய இலையைக் கிள்ளுவது, பாதி நிரப்பிய பூவாளியைச் சாய்ப்பது எல்லாமே கைக்குப் பயிற்சிதான். "நீங்க உட்காருங்கப்பா, நான் ஊத்திடறேன்" என்று பிள்ளைகள் பாசத்தோடு பூவாளியை வாங்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். தண்ணீர் சிந்தினால் சிந்தட்டும்.

நம்பிக்கை: "பத்து நிமிடத்தில் களைத்தால் அது சோம்பல்."

உண்மை: இல்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய களைப்பு, நன்றாக நடக்கத் தொடங்கியவர்களையும் விடாது. வெயில் ஏறுமுன் கொஞ்சம் செய்துவிட்டு உட்காருங்கள்.

நம்பிக்கை: "கை அசைந்துவிட்டால் பயமில்லை."

உண்மை: அசைவு வந்தும் தொடு உணர்வு வராமல் இருக்கலாம். ரோஜா முள் கிழித்தது தெரியாது. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவருக்கு ரத்தம் எளிதில் நிற்காது. கையுறை கட்டாயம். மூளையின் வலப்பக்கம் பாதித்த சிலருக்கு இடப்பக்கம் கிடக்கும் பொருள் கவனத்திலேயே படாது. ரப்பர் குழாயை நடைவழியில் போடாதீர்கள். குந்தி உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

மீண்டும் பக்கவாதம் வந்ததுபோல் முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.