பிரேஸில் தேசத்துக் கரும்புத் தொழில் கற்பிக்கும் பாடம்

இரும்பாலையும் பஞ்சாலையுமே ஒரு தேசத்தைச் செல்வமுடையதாக்கும் என்பது பலருடைய எண்ணம். தென்னமெரிக்காவிலுள்ள பிரேஸில் தேசத்திலோ பெருந்தொழில்கள் பல வயலினின்றே எழுந்தன. காப்பி, சோயா, கால்நடை ஆகியவற்றோடு அவற்றுள் முக்கியமானது கரும்பாகும். இன்று உலகில் கரும்பை மிகுதியாக விளைவிப்பதும், சர்க்கரையை மிகுதியாக ஏற்றுமதி செய்வதும் அத்தேசமே.

வரலாறு

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே கரும்பைக் கொண்டு சென்றனர். 1888-ல் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை அத்தொழில் பெரிதும் அடிமைகளின் உழைப்பினாலேயே நடைபெற்றது. பிற்காலத்தில் சாவோ பாலோ மாகாணம் அதற்குத் தலைமை இடமாயிற்று. 1912-ல் கோயம்புத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய கோ. 290, கோ. 419 ஆகிய இனங்கள், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அம்மாகாணத்து வயல்களில் பரவலாகப் பயிரிடப்பட்டன.

எரிசாராயம்

கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்து வடித்தால் எரிசாராயம் கிடைக்கும். 1 டன் கரும்பிலிருந்து சுமார் 80 லிட்டர் வடிக்கலாம். இறக்குமதி செய்யும் பெட்ரோலுடன் நூற்றுக்கு 5 பங்கு இதனைக் கலக்க வேண்டுமென 1931-லேயே அங்கு சட்டம் ஏற்பட்டது. 1973-ல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, எண்ணெயின் பெரும்பகுதியை அயல்நாட்டினின்று பெற்றுவந்த அத்தேசம் இடருற்றது. ஆகவே 1975 நவம்பரில் எரிசாராய உற்பத்திக்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. எரிசாராயத்தால் மட்டுமே ஓடும் மோட்டார் வண்டிகள் 1979 முதல் விற்பனைக்கு வந்தன. சில ஆண்டுகளில் புதிய வண்டிகளுள் பெரும்பாலானவை அவ்வகையினவாயின.

நேர்ந்த தவறு

1986-ல் எண்ணெய் விலை வீழ்ந்தது. சர்க்கார் நிர்ணயித்த எரிசாராய விலை ஆலைகளுக்குக் கட்டவில்லை. சர்க்கரைக்கோ வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. 1989-ல் எரிசாராயத்துக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. வண்டி வாங்கியோர் எரிபொருளின்றித் தவித்தனர். இழந்த நம்பிக்கை எளிதில் திரும்பவில்லை. பெட்ரோல், எரிசாராயம் இவற்றில் எதனையும் எவ்வளவிலும் ஏற்கும் வண்டி 2003-ல் வெளிவந்த பின்னரே தொழில் மீண்டும் தழைத்தது. இப்போது பெரும்பாலான ஆலைகள் சர்க்கரை, எரிசாராயம் இரண்டையும் செய்கின்றன. விலைக்குத் தக்கவாறு ஓரளவு ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டுகின்றன.

கழிவின் பயன்

1 டன் கரும்பில் எஞ்சும் சுமார் 250 கிலோ சக்கையைக் கொதிகலனில் எரித்து, ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் பெறுகின்றனர். மிகுந்த மின்சாரத்தை விற்கின்றனர். 1 லிட்டர் எரிசாராயத்துக்குப் பத்து லிட்டருக்கும் அதிகமான கழிவுநீர் வெளிப்படுகிறது. முன்னர் இதனை ஆறுகளில் விட்டமையால் மீன்கள் மடிந்தன. 1978-ல் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. சாம்பல் சத்து மிகுந்த அந்நீர் இன்று அளவறிந்து கரும்பு வயலுக்கே பாய்ச்சப்படுகிறது.

அறுவடைக்கு முன் சோகையைக் கொளுத்தும் வழக்கமும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் சாவோ பாலோவில் படிப்படியாகக் குறைந்தது. சோகை நிலத்திலேயே கிடந்து ஈரத்தைக் காக்கிறது. ஆயினும் கொளுத்தாத கரும்பை வெட்ட இயந்திரங்கள் வந்தமையால், கைவெட்டுக் கூலியாளர் பலர் பிழைப்பிழந்தனர். அந்நன்மையின் விலையைச் செலுத்தியவர் அவர்களே.

குடியானவர் கவனிக்கத்தக்கவை

இந்தியாவிலும் 2025-ல் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எரிசாராயம் கலக்கும் நிலை எய்தப்பட்டது. ஆகையால் பிரேஸிலின் அனுபவம் இங்குள்ள கரும்புக் குடியானவருக்கும் பயன் தரும். ஒரு விளைபொருளுக்கு இரண்டு வழிகள் இருப்பின் விலை வீழ்ச்சியின் அடி சற்றுக் குறையும். மண்ணினின்று எடுத்த சத்தை மண்ணுக்கே திருப்பினால் உரச்செலவு குறையும். ஆனால் சர்க்கார் குறிக்கும் விலை ஒன்றையே நம்பி எழுப்பிய தொழில், அவ்விலை தளர்ந்த நாளில் தானும் தளரும். 1989-ல் பிரேஸில் தேசம் இதனை அனுபவித்தே அறிந்தது.