ஈப்போ ராசம்மா

இந்த மாதப் பாடத்தை என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

யூனிவர்சிட்டி புரோஜெக்ட்டுக்கு நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருத்திதான் பெண். வேலையைப் பிரித்தவன் நான். சர்க்யூட் டிசைனில் எங்கள் எல்லாரையும்விட அவள் கெட்டி. ஆனாலும் "நீ மினிட் எழுதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

லீவில் பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டியின் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1920களின் கடைசியில் அரசாங்கம் நிர்ணயித்த நாள்கூலி, பல இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. "விடியறதுக்கு முன்னாடி அதே பெரட்டு, அதே மரம், அதே வாளி. பத்து காசு மட்டும் ஏன்டா குறைச்சல்?" என்று கேட்டார் பாட்டி. என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்வியைக் கடைசிவரை விடாத ஒருவர் நம் ஈப்போவில்தான் 1927இல் பிறந்தார்: ராசம்மா பூபாலன்.

1943இல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். தலைமை ஏற்றவர் சென்னையிலிருந்து வந்த டாக்டர் லட்சுமி. தோட்டத்துப் பெண்கள் நிறைய பேர் சேர்ந்தார்கள். அதுவரை கங்காணி, மண்டோர், கிராணி என்று பெரும்பாலும் ஆண்களின் உத்தரவையே கேட்டவர்களுக்கு, இங்கே உத்தரவு போட்டது பெண். 16 வயது ராசம்மாவும் அக்காவோடு சேர்ந்து பர்மா வரை போனார்.

நாம் துப்பாக்கிக் கதையோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கென்னவோ, பிறகு செய்ததுதான் பெரிசு.

போருக்குப் பின் அவர் ஆசிரியர் ஆனார். அங்கேயும் அதே கதை: ஒரே வகுப்பு, ஒரே பாடம், பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. கல்யாணம் ஆனால் நிரந்தர வேலையும் போய்விடும். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து அதன் முதல் தலைவரானார். சங்கம் என்றால் கைதட்டல் இல்லை. பள்ளி பள்ளியாக ஆள் சேர்க்கணும், சந்தா வாங்கணும், கணக்கு வைக்கணும், அதிகாரிகளோடு வருஷக்கணக்கில் பேசணும். அரசுப் பணியில் சம சம்பளம் 1969இல் வந்தது. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகவும் அவர் பல வருஷம் இருந்தார்.

எங்கள் குழுவுக்கு இப்போது அவள்தான் லீடர். மினிட் என் கையில். எழுத்துதான் கோழி கிண்டின மாதிரி.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை: உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ முதல் சம்பளம் எவ்வளவு, அதே வேலைக்கு ஆண்களுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்க.