கொக்கி கட்டும் நேரத்துப் பேச்சு

பாளையங்கோட்டையில் என் தையல் கடைக்கு வயது 22. வேதாகமத்தின் 66 புத்தகங்களையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால், இன்றைக்கும் சின்னத் தீர்க்கதரிசிகள் பக்கம் தடுமாறுவேன். நாளாகமத்து வம்ச அட்டவணையில் எத்தனை ராத்திரி தூங்கிப்போயிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓய்வுநாள் பள்ளியோடு என் வேதப் படிப்பு முடிந்தது. ஆனாலும் சாட்சி சொல்ல வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

ஆரம்பத்தில் எனக்குச் சுலபமாகப் பட்டது கைப்பிரதி. தைத்த ஜாக்கெட்டை மடித்துக் கவரில் போடும்போது உள்ளே ஒன்றைச் செருகிவிடுவேன். வாய் திறக்க வேண்டாம், கடமையும் முடிந்தது. ஒருநாள் ஒரு பெண் திரும்பி வந்து அதை மேசைமேல் வைத்தாள். "பில்லுன்னு நெனச்சேன்க்கா." அதோடு நிறுத்தினேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருக்கிறேன். பிள்ளையில்லாத ஒருத்தியிடம், ஜெபம் பண்ணு, அடுத்த வருஷம் தொட்டில் கட்டுவாய் என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் சொல்லாததை அவர் பேரில் நானாகச் சொன்ன வாக்கு அது. வருஷம் போனது, அவளும் வேறு கடைக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் யாருக்காகவாவது ஜெபிக்கத் தோன்றினால், "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான். வேண்டாம் என்றால் அளவெடுப்பேன், அவ்வளவுதான்.

மதியத்தில் கொக்கி கட்ட ஒரு பெண் என் கடைக்கு வருவாள். கை வேலை செய்யும், வாய் கேள்வி கேட்கும். "கடவுள் ஒருத்தருன்னு சொல்லுதிய. பொறவு பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரு சொல்லுதியள, அது எப்படிக்கா?" சின்ன வயசில் கேட்டதை எடுத்துவிட்டேன். தண்ணீரே பனிக்கட்டியாகவும் இருக்கும், ஆவியாகவும் இருக்கும் என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் ஐயரிடம் சொன்னேன் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). அவர் சிரித்துவிட்டார். ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறார் என்று அந்த உதாரணத்துக்கு அர்த்தமாகிவிடுமாம். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை தவறு என்று தள்ளிய கருத்தாம் அது.

மறுநாள் அவளிடம், "நான் சொன்னது தப்புட்டி. சரியா எனக்கு வெளக்கத் தெரியல" என்றேன். மானம் போகும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அன்றிலிருந்துதான் அவள் தன் மனசில் இருப்பதைப் பேச ஆரம்பித்தாள். எல்லாம் தெரிந்தவளிடம் யார் வாய் திறப்பார்கள்?

அவள் புருஷன் விபத்தில் தவறி, மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: "ஒங்க வீட்டுக்காரர் போனப்போ எப்படிக்கா தாங்கினிய?" வசனம் தேடவில்லை. நடந்ததைச் சொன்னேன். பல ராத்திரி ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. சபைப் பெண்கள் வந்து பேசாமல் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு விடியற்காலை, யாரோ பக்கத்தில் இருப்பதுபோல மனசு அமர்ந்தது. அது இயேசு என்று நான் நம்புகிறேன். இவ்வளவுதான் சொன்னேன். அவள் கொக்கி கட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு யோசித்தபோது, சுவிசேஷத்திலும் இப்படிப்பட்டவர்கள்தான் இருக்கிறார்கள். கிணற்றடியில் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிய சமாரியப் பெண் கடைசியில் ஊராரிடம் போட்டது ஒரு கேள்வியைத்தான், இவர் கிறிஸ்துவாக இருப்பாரோ என்று. பிசாசு பிடித்துக் கல்லறைகளில் கிடந்தவன், சுகமான பிறகு இயேசுவோடு போகக் கேட்டான். அவனை வீட்டுக்கு அனுப்பினார். ஒருநாள் பாடம்கூடப் படிக்காதவன், தனக்கு நடந்ததைத் தெக்கப்போலி எங்கும் சொன்னான்.

படித்தவர்களும் கேட்கத்தான் செய்தார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். 1713-க்குள் இந்த ஊர்த் தெய்வங்களைப் பற்றித் தனி நூலே எழுதும் அளவுக்கு விசாரித்துத் தெரிந்துகொண்டார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். நானோ இந்தப் பெண்ணின் குலதெய்வக் கொடை பற்றி எட்டு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மாவிளக்கு எடுப்பதிலிருந்து விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டு வரை சொல்வாள். குறுக்கே நான் பிரசங்கம் வைப்பதில்லை, அது கஷ்டம்தான்.

சென்ற மாதம் அவளாகவே வாசிக்க ஏதாவது கேட்டாள். முழு வேதாகமத்தைக் கொடுத்தால் மிரண்டுபோவாள் என்று, மாற்கு சுவிசேஷம் மட்டும் உள்ள சின்னப் புத்தகத்தைக் கொடுத்தேன். 16 அதிகாரந்தான். எந்த வசனத்தில் மனசு உருகப்போகிறாளோ என்று காத்திருந்தேன். ஐந்தாம் அதிகாரம் முடிந்த அன்று வந்து நின்றாள்.

"அந்தப் பிசாசு புடிச்சவன் நல்லாயிட்டான், சரி. ரெண்டாயிரம் பன்னியும் கடலுக்குள்ள போயிட்டே! பன்னிக்காரன் பாவமில்லையாக்கா? அவனுக்கு யாரு துட்டு குடுப்பா?"

எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அந்தப் பன்றிக்காரனை நான் நினைத்ததே இல்லை. தெரியாதுட்டி, ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஐயரும் ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறார். அதற்குள் அவள் எட்டாம் அதிகாரத்துக்கு வந்துவிட்டாள்.