பிடி அரிசி

உலையில் அரிசி போடுவதற்கு முன், களையாத அரிசியில் ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார் அம்மா. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அதற்குப் பிடி அரிசி என்று பேர். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இந்த வழக்கம் இருக்கிறது.

பிடி அரிசியை வெறும் காணிக்கை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கணவரை இழந்த ஒரு அக்கா வீட்டுக்கு ஜெபிக்கப் போன அன்றுதான் அதன் அர்த்தம் புரிந்தது. வசனம் சொல்லி, இருபது நிமிஷம் ஜெபித்தேன். கிளம்பும்போது அவர், "காப்பி போடணும்னு நினைச்சேம்மா, பால் வாங்கல" என்றார். அப்போதுதான் அடுப்பைப் பார்த்தேன். துடைத்து வைத்தபடி இருந்தது. மேலே ஒரு பாத்திரமும் இல்லை. மணி பதினொன்று. நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தது அந்த அடுப்புக்கு முன்னால்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு யாரிடமும் "என்ன வேணும்?" என்று கேட்பதில்லை. கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சமைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோகிறேன். ஒரு நாள் அந்த அக்கா வாளியைத் திருப்பித் தந்தபோது உள்ளே ஆய்ந்த முருங்கைக்கீரை இருந்தது. "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு வாங்கிக்கொண்டேன். வாங்கத் தெரியாதவர் கொடுத்தால், வாங்குகிறவருக்கு அது பாரம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஜெபக்குறிப்பு என்ற பேரில் ஒரு வீட்டுக் கஷ்டத்தை ஊரெல்லாம் சொல்லிவிடுகிறோம். அவர்கள் சம்மதிக்காமல் கூட்டத்தில் பேர் சொல்லாதீர்கள். தனியே ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும்.

கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததைப் பவுல் கடுமையாகக் கண்டித்தார். எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது அது நினைவுக்கு வரும். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே சபையின் நிலை தெரிந்துவிடும். சொந்தக்காரர்கள் இடம் பிடித்து வைத்துக் கூப்பிடுவார்கள். போன அசனத்தில் அப்படிக் கூப்பிட்டபோது நான் போகவில்லை. அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் என் முழங்கையை இடித்து, "குழம்பு வாளி அந்தப் பக்கமே நிக்குது, கூப்பிடும்மா" என்றார்.